ஆடியில் வந்த கோதை, ஆடியில் மறைந்த அக்காள்

ஆடி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதிகளின் முகமே மாறிவிடும். பதினொரு நிலை ராஜகோபுரத்தின் நிழல் விழும் வீதியில் பெரிய தேரின் வடம் நீளக் கிடக்கும். சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து வந்த மக்கள் அதைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு செல்வார்கள். பெரியாழ்வார் தம் நந்தவனத்தில் துளசிச் செடியின் கீழ்க் குழந்தையைக் கண்டெடுத்த நாள் ஆடிப் பூரம். அன்று கோதை நாச்சியார் ரங்கமன்னாருடன் தேரேறி ஊர் பார்க்க வருவாள். இடது கையில் பச்சைக் கிளி இருக்கும். இலைகளைக் கோத்து, மாதுளம்பூவை மூக்காக வைத்து அன்றாடம் புதிதாகக் கட்டப்படும் கிளி அது.

எங்கள் குடும்பம் அப்போது ராஜபாளையத்தில், பழையபாளையத்துப் பக்கம் இருந்தது. ஏழெட்டு மைல்தான் தூரம். ஆடிப் பூரத்துக்கு முதல் பேருந்தில் கிளம்பிவிடுவோம். என் தாத்தாவின் தங்கை, எங்கள் அத்தைப் பாட்டியும் வருவார். காவி கலந்த நார்மடிப் புடவை, மழித்த தலைக்கு மேல் முக்காடு, கையில் ஒரு செம்பு. பேருந்தில் எங்களோடு அமர்ந்து வருபவர், சந்நிதியை நெருங்கியதும் தானாகவே பின்னடைந்து ஒரு தூணோரம் நின்றுவிடுவார். மங்கலப் பெண்கள் குங்குமத்துக்குக் கை நீட்டும் வரிசையில் தம் நிழலும் விழக்கூடாது என்பது அவர் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட கட்டளை. யாரும் அவரைப் போகச் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லாதபடி அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லி முடித்திருந்தார்கள்.

அத்தைப் பாட்டிக்கு ஒன்பது வயதில் திருமணம். மாப்பிள்ளை வீடு செங்கோட்டையில். அந்நாளில் அது திருவிதாங்கூர்ச் சீமை. பதினோரு வயதில் கணவர் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். மாமியாரும் கணவரை இழந்தவர். மகனையும் பறிகொடுத்த அந்த அம்மாள், மருமகளை உடனே பிறந்த வீட்டுக்கு அனுப்பாமல் ஏழெட்டு வருடங்கள் தம்முடனேயே வைத்துக்கொண்டாராம். ராஜபாளையத்துக்குத் திரும்பி வந்தபோது அத்தைப் பாட்டியிடம் நகை இல்லை, பாத்திரம் இல்லை. பாட்டுகள் இருந்தன.

மாலையில் ஊர் திரும்பி, இரவு அடுக்களைத் திண்ணையில் புளிக்குக் கோது எடுத்துக்கொண்டே அவர் பாடுவார். கும்மிக்கு உரிய துள்ளல் நடை. ஆனால் கேட்கக் கேட்க, அது கும்மியடிக்கும் பெண்கள் பாடுகிற சங்கதி அல்ல என்று தெரியும். ஆத்மா, மாயை, பிரம்மம் என்ற சொற்கள் அடிக்கடி வரும். நான் ஒருநாள் கேட்டேன்: “பாட்டி, இது ஆண்டாள் பாட்டா?”

“இல்லைடி கண்ணு. அவள் கல்யாணத்தைக் கேட்டுப் பாடினவள். இது கல்யாணத்தைத் தொலைச்சவள் பாடினது. செங்கோட்டை அக்கா பாட்டு.”

அந்தப் பதிலின் கனம் புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

செங்கோட்டை ஆவுடை அக்காள். இந்தப் பெயரைக் கேட்டதும் நம் வாசகர்களில் நெல்லைச் சீமையைச் சேர்ந்த மூத்தவர்கள் சிலருக்கு ஏதோ ஒரு மெட்டு நினைவுக்கு வரக்கூடும். மற்றவர்களுக்குப் புதிய பெயராகவே இருக்கும். சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் இந்த அம்மையார். திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளின் சிஷ்யை. அத்வைத வேதாந்தத்தின் உச்சிக்கருத்துகளை, அடுப்படியில் இருக்கும் பெண்ணும் பாடிக்கொண்டே அறியும்படி எளிய தமிழில் ஏராளமாகப் பாடியவர்.

ராஜபாளையத்திலிருந்து தெற்கே சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று சாலை போகும். வலப்புறம் மேற்கு மலை கூடவே வரும். அந்த வழியின் கோடியில், கேரளத்துக் கணவாயின் வாசலில் இருக்கிறது செங்கோட்டை. இன்று சென்னையிலிருந்து பொதிகை விரைவு வண்டி ஏறுபவர்கள் விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் கடந்து, காலை வெயில் ஏறும் நேரத்தில் அந்த ஊரில் இறங்குகிறார்கள். 1956 நவம்பர் 1 அன்றுதான் அவ்வூர் அப்போதைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சாரல் காற்றும் தென்னஞ்சோலையும் ஆற்றங்கரையுமாகக் குளிர்ந்து கிடக்கும் ஊர். அங்கே ஓர் அக்கிரகாரத்து வீட்டில் அக்காள் பிறந்தார்.

விளையாட்டுப் பருவத்திலேயே அவருக்கு மணம் முடித்தார்கள். விளையாட்டுப் பருவம் முடிவதற்குள் கணவர் இறந்தார். நடந்தது இன்னதென்று அறியாத வயது. வீட்டார் ஏன் அழுகிறார்கள் என்றே புரியாத வயது. ஆனால் ஊர் வழக்கத்துக்குக் குழந்தை, பெரியவர் என்ற பேதம் கிடையாது. பூ போயிற்று, பொட்டு போயிற்று. பருவம் வந்ததும் முடியும் போகும். ஒருவேளைச் சோறு. வெளியே புறப்படும் யார் கண்ணிலும் எதிரே படாமல் ஒதுங்க வேண்டும். கல்யாணப் பந்தலுக்குப் பக்கத்திலும் போகக்கூடாது. வளைகாப்பு, சீமந்தம், நலங்கு, ஊஞ்சல் என்று பெண்கள் கூடிச் சிரித்துப் பாடும் எந்த இடமும் அவருக்கு இல்லை.

நம் பாட்டிமார்களில் எத்தனையோ பேர் இந்த வாழ்வை வாழ்ந்து முடித்தார்கள். இதில் புண்ணியம் தேடியவர்கள் உண்டு. பொறுமை காத்தவர்கள் உண்டு. ஆனால் இது சாஸ்திரத்தின் பெயரால் சிறு பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமை என்று சொல்ல நாம் தயங்கவேண்டியதில்லை. அத்தைப் பாட்டி நின்ற அந்தத் தூணை இன்றும் நான் சந்நிதிக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

அக்காளின் தாயார் மகளை இந்த இருட்டில் விட்டுவிட மனம் கொள்ளவில்லை. எழுத்தும் படிப்பும் அவளுக்குக் கிடைக்க வழி செய்தார் என்று அக்காளின் சரிதம் சொல்லும் பெரியோர் கூறுவர். பெண் குழந்தைக்கே படிப்பு எதற்கு என்ற காலம். கணவனை இழந்த பெண்ணுக்குப் படிப்பு என்றால் ஊர் சும்மா இருக்குமா? முணுமுணுப்பு எழுந்தது. அந்தத் தாயின் பெயரை மரபு நமக்கு வைத்துவிட்டுப் போகவில்லை. இந்தக் கதையில் நான் முதலில் கைகூப்ப விரும்புவது அந்த அம்மாளைத்தான்.

அந்தச் சமயத்தில் ஐயாவாள் செங்கோட்டைக்கு எழுந்தருளினார்.

ஸ்ரீதர வேங்கடேச ஐயாவாளைப் பற்றி இங்கே சிறிது நின்று சொல்லவேண்டும். காவிரிக் கரையில் திருவிசநல்லூரில் வாழ்ந்த மகான். கோவிந்தபுரத்துப் போதேந்திர ஸ்வாமிகளோடும் சதாசிவ பிரம்மேந்திரரோடும் ஒரே காலத்தவர். நாம சங்கீர்த்தன மரபைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தவர்களுள் ஒருவர். அவர் வீட்டில் ஒரு கார்த்திகை அமாவாசை அன்று சிராத்தம். பிராமண போஜனத்துக்குச் சமைத்து வைத்திருந்த நேரத்தில், தாழ்த்தப்பட்ட குலத்தவர் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த ஒருவர் பசியோடு வாசலில் நின்றார். ஐயாவாள் சற்றும் யோசிக்கவில்லை. சிராத்தத்துக்கான அன்னத்தையே எடுத்து அவருக்கு இட்டார். ஊர்ப் பிராமணர்கள் கொதித்தார்கள். கங்கையில் நீராடிவிட்டு வந்தால்தான் பிராயச்சித்தம் என்றார்கள். அன்றைக்குள் காசிக்குப் போய் வருவது எங்ஙனம்? அவர் தம் வீட்டுக் கிணற்றடியில் நின்று கங்காதேவியைத் துதித்தார். கிணறு பொங்கித் தெருவெங்கும் வெள்ளமாயிற்று. பழித்தவர்களே வந்து பணிந்தார்கள். இன்றும் கார்த்திகை அமாவாசையில் ஆயிரக்கணக்கான அடியார்கள் அந்தக் கிணற்று நீரில் நீராடுகிறார்கள்.

ஊர் ஒதுக்கிவைப்பது என்றால் என்னவென்று அனுபவத்தில் அறிந்தவர் அவர். பசித்தவன் முன் சாஸ்திரம் பேசாதவர். அப்படிப்பட்டவர் நாமம் பாடிக்கொண்டு செங்கோட்டைத் தெருவில் வருகிறார். உள்ளறையில் இருக்கவேண்டிய பெண் வாசலுக்கு ஓடி வருகிறாள். அவர் பாதத்தில் விழுகிறாள். மகான் அவளை விலக்கவில்லை. நலிந்த இந்தக் குழந்தைக்குள் கனிந்து நிற்கும் பக்குவத்தைக் கண்டார். மந்திரோபதேசம் செய்தார்.

ஊருக்கு இது போதுமே! கணவனை இழந்த இளம்பெண் நடுத்தெருவில் நின்றாள். ஆடவர் ஒருவரிடம் உபதேசம் பெற்றாள். அவள் குடும்பத்தோடு உறவாட எவரும் வரவில்லை. அக்காள் ஊரைவிட்டுக் கிளம்பினார். தலங்கள்தோறும் நடந்தார். திருவிசநல்லூர் சென்று குருவை மீண்டும் கண்டார். அங்கும் அவரை ஏற்காதவர்கள் இருந்தார்கள் என்றும், அக்காளின் நிஷ்டையைக் கண்ட பின்னரே அவர்கள் தலை தாழ்ந்தது என்றும் மரபு சொல்கிறது. பின்பு குருவின் சொற்படி செங்கோட்டைக்கே திரும்பி வந்தார். விலக்கிய ஊர், இம்முறை அவரைப் பெரியவராகக் கண்டு வணங்கியது. ‘அக்கா, அக்கா’ என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆவுடையாள் ஆவுடை அக்காள் ஆனது அப்படித்தான்.

இனி அவர் பாட்டுகளுக்கு வருவோம். அவர் பாடியவற்றின் பெயர்களைப் பாருங்கள். வேதாந்தக் கும்மி. வேதாந்த அம்மானை. வேதாந்தப் பள்ளு. வேதாந்தக் குறவஞ்சி. ஸ்ரீவித்யை சோபனம். இன்னும் அனுபோக ரத்னமாலை முதலாகப் பல உண்டு.

கும்மி பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டி ஆடுவது. அம்மானை காய்களை மேலே எறிந்து பிடித்து விளையாடும் பெண்களின் பாட்டு. சோபனமோ திருமணம் முதலிய மங்கல காரியங்களில் சுமங்கலிகள் பாடி வாழ்த்துவது. இந்த மூன்று இடங்களிலும் ஆவுடை அக்காள் என்ற பெண் கால் வைக்க முடியாது. கும்மி வட்டத்தில் அவருக்குக் கை கொடுப்பார் இல்லை. அம்மானை ஆடும் வயதில்தான் ஆட்டம் நின்றது. மணப்பந்தலில் சோபனம் பாட அவர் வாய் திறந்தால் அபசகுனம் என்பார்கள். தமக்கு மறுக்கப்பட்ட அந்த வடிவங்களையே எடுத்துக்கொண்டு அவற்றில் பரம்பொருளை நிரப்பி வைத்தார் அவர்.

இதை முதன்முதலில் உணர்ந்தபோது என் உடல் சிலிர்த்தது. வேதாந்தம் சொல்ல வெண்பா இருக்கிறது, விருத்தம் இருக்கிறது, வடமொழிச் சுலோகம் இருக்கிறது. அவர் கும்மியையும் சோபனத்தையும் தேடிப் போனார். கோபத்தாலா என்றால், இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வேறு ஒரு காரணம் உண்டு. அந்தப் பாட்டுகள்தாம் பெண்களுக்குத் தெரியும். ஏட்டைப் பிரிக்க அறியாத பெண்ணும் கும்மி மெட்டை அறிவாள். மெட்டு தெரிந்தால் பாட்டு ஒட்டிக்கொள்ளும். பாட்டு ஒட்டிக்கொண்டால், என்றாவது ஒருநாள் நெல் குத்தும்போதோ தயிர் கடையும்போதோ பொருள் தானாகத் திறக்கும்.

பள்ளு, குறவஞ்சி ஆகியவையும் அப்படித்தான். பள்ளு உழவர் பாட்டு. உழுது, விதைத்து, களையெடுத்து, அறுப்பதைச் சொல்வது. குறவஞ்சியில் மலைக்குறத்தி வந்து தலைவியின் கை பார்த்துக் குறி சொல்வாள். செங்கோட்டைக்குப் பக்கத்துக் குற்றால மலையின் மீதுதான் திரிகூடராசப்பக் கவிராயரின் புகழ்பெற்ற குறவஞ்சி எழுந்தது. அந்த மண்ணில் குறவஞ்சி என்றால் குழந்தைக்கும் தெரியும். தலைவி காதலனைப் பற்றிக் கேட்கும் இடத்தில், ஜீவன் தன் சொந்த சொரூபத்தைப் பற்றிக் கேட்கும்படி அக்காள் மாற்றி வைத்தார்.

அவர் விரும்பிப் பாடிய கதை ஒன்று உண்டு. யோக வாசிஷ்டத்தில் வரும் சூடாலையின் கதை. சிகித்வஜன் என்ற அரசனின் மனைவி சூடாலை. இருவரும் ஞானம் தேடினார்கள். மனைவிக்கு முதலில் கைகூடிற்று. அவள் சொன்னபோது கணவன் நகைத்தான். நீயோ பெண், அதுவும் அரண்மனையில் சுகமாக இருப்பவள், உனக்கா ஞானம் என்றான். எல்லாவற்றையும் துறந்தால்தான் ஞானம் வரும் என்று நம்பி, ஓர் இரவில் அவளை விட்டுக் காட்டுக்குப் போனான். சூடாலை நாட்டை ஆண்டாள். பல ஆண்டுகள் கழித்து, கும்பன் என்ற இளம் முனிவனின் வடிவெடுத்து அவனிடம் போனாள். பெண்ணாகப் போனால் கேட்கமாட்டானே! அவன் தன் பர்ணசாலையையும் தண்டத்தையும் கமண்டலத்தையும் தீயிலிட்டு, இப்போது யாவும் துறந்தேன் என்றபோது, துறக்கவேண்டியதை இன்னும் துறக்கவில்லை என்றாள். ‘நான்’ என்பதைத்தான் துறக்கவேண்டும் என்று உணர்த்தினாள். அவன் தெளிந்த பிறகே தன் சொந்த வடிவைக் காட்டினாள்.

கட்டாயத் துறவு தலையில் சுமத்தப்பட்ட ஒரு பெண் இந்தக் கதையை ஏன் எடுத்தார் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. பூவையும் பொட்டையும் பறித்தால் துறவு வந்துவிடாது. அவை இருந்தாலும் ஞானம் நில்லாது போகாது. சமையலறையிலிருந்து இந்தப் பாட்டைக் கேட்ட சுமங்கலிக்கு அது ஒரு சேதி சொல்லிற்று. தூணோரம் நின்ற பெண்ணுக்கு இன்னொரு சேதி.

எச்சில், தீட்டு என்ற இரண்டைப் பற்றியும் அக்காள் பேசியிருக்கிறார். இதைச் சொல்லும்போது சில வாசகர்களுக்கு முகம் சுளிக்கக்கூடும். ஆனாலும் மறைத்தால் அக்காளை முழுமையாகச் சொன்னதாகாது. பூஜைக்கு வைக்கும் பாலில் கன்றின் வாய் பட்டிருக்கிறது. தேன் வண்டின் வாயில் ஊறியது. ஓதுகிற மந்திரமும் எத்தனையோ வாய்களில் புகுந்து வந்ததுதான். எச்சில் இல்லாதது எது என்று வினவுகிறார். பெண்ணின் உடற்தீட்டைப் பற்றியும் அதே துணிவோடு கேட்கிறார்: எது தீட்டென்று ஒதுக்கப்படுகிறதோ அதிலிருந்தல்லவா ஒதுக்குகிறவரின் உடலும் உருவாயிற்று? மடி ஆசாரத்தை நெறியாகக் கொண்டு வாழ்பவர்களைப் புண்படுத்துவது அவர் நோக்கம் அன்று. அத்தைப் பாட்டியைப்போல மடி காத்தவர்கள் அரிது. அவரே இந்தப் பாட்டைப் பாடிச் சிரிப்பார். ஆசாரம் வாசல், அதையே வீடென்று நினைத்து அங்கேயே நின்றுவிடாதே என்பதுதான் அக்காள் சொல்லும் செய்தியாக எனக்குப் படுகிறது. அனுபவம் இல்லாமல் ஏட்டை மட்டும் புரட்டும் பண்டிதர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

இப்போது ஒரு கேள்வி. ஆண்டாளின் பாட்டு நமக்கு எப்படிக் கிடைத்தது? வளர்த்த தகப்பனார் பெரியாழ்வார் தாமே ஆழ்வார். நாதமுனிகள் நாலாயிரத்தையும் தொகுத்தார். ராமாநுஜரோ ‘திருப்பாவை ஜீயர்’ என்று பெயர் பெறும் அளவுக்கு அதில் தோய்ந்தவர். திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143 என்று ஒரு பாசுரமும் தவறாமல் கோயில்களும் கோஷ்டிகளும் காத்தன. அவள் சூடிய மாலை இன்றும் புரட்டாசியில் திருமலைக்குப் போகிறது.

ஆவுடை அக்காளுக்கு மடம் இல்லை, கோஷ்டி இல்லை, உரைகாரர் இல்லை. அவர் பாட்டுகளைக் காத்தவர்கள் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் அவரைப்போலவே கணவரை இழந்தவர்கள். நெல்லைச் சீமை அக்கிரகாரங்களின் பின்கட்டுகளில், மாமியாரிடமிருந்து மருமகளுக்கு, அத்தையிடமிருந்து மருமாளுக்கு, அடுத்தவீட்டு மாமியிடமிருந்து திண்ணையில் அமர்ந்த சிறுமிக்கு என்று வாய்வழியாகவே 200 ஆண்டுகளுக்கு மேல் வந்தன. எழுதத் தெரிந்தவர்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். ஒருத்தியின் நோட்டிலிருந்து இன்னொருத்தி பார்த்து எழுதிக்கொண்டாள். கல்வியே மறுக்கப்பட்டவர்கள் ஒரு வேதாந்த நூலகத்தைத் தலையில் சுமந்து வந்தார்கள்!

பிற்காலத்தில் ஆய்க்குடி வேங்கடராம சாஸ்திரிகள் இப்பாடல்களை அரும்பாடுபட்டுத் தேடித் தொகுத்தார். கோமதி ராஜாங்கம் அம்மையார் அக்காளின் சரிதத்தையும் பாடல்களையும் எழுத்தில் கொண்டு வந்தார். 2002-ஆம் ஆண்டில் திருக்கோவலூர் அருகே தபோவனம் ஞானானந்த நிகேதன், பாடல் திரட்டு முழுவதையும் அழகிய நூலாக வெளியிட்டது. அதன் பிறகே ஆராய்ச்சியாளர்கள் கவனம் இந்தப் பக்கம் திரும்பியது. ஆங்கிலத்திலும் அக்காளைப் பற்றி நூல் வந்திருக்கிறது.

அக்காளுக்குப் பின் காலம் மெல்ல நகர்ந்தது. 1856-இல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. 1929-இல் குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் வந்தது. இவ்விரண்டுக்கும் இடையே, தாமே பால்ய விதவையான சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் சென்னையில் இளம் விதவைகளுக்கு விடுதி தொடங்கி, அவர்களைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கினார். அந்த விடுதியில் சேர்ந்திருந்தால் அத்தைப் பாட்டியும் ஓர் ஆசிரியை ஆகியிருப்பார் என்று என் தகப்பனார் சொல்வார். ராஜபாளையத்திலிருந்து சென்னை அன்று வெகுதூரம். செங்கோட்டைதான் பக்கம். அவருக்குக் கிடைத்தது அக்காள்.

அது குறைவான துணை அன்று என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் தெருவில் ஓர் இளம்பெண் கணவனைப் பறிகொடுத்து இரண்டு குழந்தைகளோடு வந்து சேர்ந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். அத்தைப் பாட்டி கேட்கவில்லை. தினமும் பிற்பகலில் அரிசி முறத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். கல் பொறுக்கிக்கொண்டே பாடினார். ஒரு மாதம் அவள் பேசாமல் அழுதுகொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் ஒரு வரியைப் பின்பாட்டாகச் சொன்னாளாம். தலைமுடியைக் களையச் சொன்ன உறவினரிடம், “என்னோடு இது போகட்டும்” என்று அத்தைப் பாட்டி வாசலில் நின்று சொன்னது எங்கள் தெருவே அறிந்த சேதி. குனிந்த தலை நிமிராத எங்கள் அத்தைப் பாட்டியா அப்படிச் சொன்னார் என்று வீட்டில் யாரும் நம்பவில்லை. அந்தப் பெண் பிறகு தையல் கற்றாள், இரு மகன்களையும் படிக்கவைத்தாள். ஆடிப் பூரத்துக்கு அவளும் எங்களோடு வருவாள். அத்தைப் பாட்டி தூணோரம் நிற்பார்; அவளைக் கையால் முன்னே தள்ளிவிடுவார்.

அக்காளின் முடிவைச் சொல்ல மறந்துவிட்டேன். முடிவு என்று சொல்லலாமோ கூடாதோ. ஓர் ஆடி அமாவாசை. குற்றாலத்தில் சாரல் காலம். அருவி கொட்டும் பருவம். அக்காள் அருவியில் நீராடச் சென்றார். நீராடிவிட்டு மலைமேல் ஏறினார். அதன் பின் அவரை யாரும் காணவில்லை. தேடினார்கள், உடல் கிடைக்கவில்லை. சமாதி என்று காட்ட ஓர் இடம் இல்லை. அத்தைப் பாட்டி, அக்கா இறந்தாள் என்ற சொல்லை வாயால் சொல்லமாட்டார். “மலைக்குப் போனாள்” என்பார். பக்கத்து வீட்டுக்குப் போனவரைப் பற்றிச் சொல்லும் அதே குரலில்.

பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள். ஆடி அமாவாசைக்கும் ஆடிப் பூரத்துக்கும் பெரும்பாலும் மூன்று நான்கு நாள்தான் இடைவெளி. அமாவாசையன்று அத்தைப் பாட்டி கிணற்றடியில் தலைக்கு நீர் விட்டுக்கொள்வார். கிழக்கே பார்த்து நிற்கவேண்டியவர், தெற்கே குற்றாலத் திசையைப் பார்த்து ஒரு நிமிஷம் நிற்பார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் போவதற்கு முறுக்கு சுற்ற உட்காருவார்.

அவர் 1971-இல் காலமானார். அவருடைய நோட்டுப் புத்தகம் என் தமக்கையிடம் இருக்கிறது. பழுப்பேறிய தாள், ஓரங்களில் எண்ணெய்க் கறை. சென்ற ஆடியில் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அதை எடுத்து இருவரும் படித்தோம். அச்சில் வந்த திரட்டோடு ஒப்பிட்டால் பெரும்பாலான பாட்டுகள் இருக்கின்றன. சொற்கள் அங்கங்கே மாறி வருகின்றன. ஆனால் பாட முயன்றபோது பாதிக்கு மேல் மெட்டு எங்களுக்குத் தெரியவில்லை. நான் மூன்றைப் பாடினேன். தமக்கை ஐந்து. மற்றவற்றைப் படிக்கத்தான் முடிந்தது.

இதை வாசிக்கும் உங்களில் யாருக்கேனும், தென்காசி, ஆய்க்குடி, கடையநல்லூர், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் பாடிய அக்கா பாட்டு மெட்டோடு நினைவிருந்தால், பேத்தியைக் கூப்பிட்டு அவள் கைப்பேசியை முன்னால் வைத்துப் பாடிவிடுங்கள். குரல் நடுங்கினால் பரவாயில்லை. மறந்த அடியைத் திரட்டில் பார்த்துக்கொள்ளலாம். மெட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

எங்கள் நோட்டில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ராகம், தாளம் எழுத அத்தைப் பாட்டி ஓர் இடம் விட்டிருக்கிறார். சங்கீதம் கற்காதவர், ராகத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் எல்லாப் பக்கத்திலும் ஒரே வரியைத்தான் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்:

‘மாமியார் பாடினபடி.’